பொழுது சாய்வதற்குள் உட்லண்ட்ஸ்

என் தம்பி மருதப்பனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பயந்து ஓடிவிட்டான் என்கிறார் ஒருவர். மூளை குழம்பிவிட்டது என்கிறார் இன்னொருவர். வெள்ளைக்காரன் அவமானப்படுத்தினான், அதனால் கோபித்துக்கொண்டு போனான் என்று காப்பிக் கடையில் ஒருத்தர் சத்தியமே செய்கிறார். இவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு ஜொகூரில் இல்லை. நான் இருந்தேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட் முழுக்கத் தெரிந்த விஷயம். நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரத்தினம்மா. தேக்கா மார்க்கெட்டில் மீன் கடைகளுக்கு எதிரே உட்கார்ந்து மசாலா அரைத்து விற்கிறவள். மருதப்பன் என்னைவிட ஆறு வயது சின்னவன். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, அவனுக்குச் சோறு ஊட்டியதும் நான், முதுகில் நாலு வைத்ததும் நான். பதினைந்து வயதில் பி.டபிள்யூ.டி.யில் ரோட்டுக்குத் தார் ஊற்றும் வேலையில் சேர்ந்தான். பத்தொன்பதில் ரோலர் ஓட்டக் கொடுத்தார்கள். ஜல்லி பரப்பி, தார் ஊற்றி, அதன்மேல் இரும்புச் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டுகிற வேலை. நடந்து போகிறவர்கள் அந்த வண்டியை முந்திவிடுவார்கள். "ஆமை வண்டி வருது, ஒதுங்குங்க" என்று சிராங்கூன் ரோட்டில் அவனைக் கிண்டல் செய்யாத வாய் கிடையாது. அவனும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போவான்.

அப்படிப்பட்டவன் நாலு மணிக்கு வேலை விட்டதும் நேராக ரோவல் ரோட்டுக்குப் போய்விடுவான். அங்கே சாகுல் ஹமீது பாய் என்று ஒருவர் கார் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் கார் பைத்தியம். ஓட்டை மோரிஸ் ஒன்றை வாங்கி, கூரையை வெட்டி, கதவுகளைக் கழற்றி, எஞ்சினுக்குள் என்னென்னவோ செய்து பந்தயக் கார் என்று பெயர் வைத்தார். ஓட்டுவதற்கு அவருக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. என் தம்பியை உட்கார வைத்துவிட்டார்.

1961இல் தாம்சன் ரோட்டைச் சுற்றிக் கார்ப் பந்தயம் ஆரம்பித்தபோது இவனும் அந்த ஓட்டையோடு போனான். ரோலர் ஓட்டுகிறவனுக்கு ரேஸ் எதற்கடா என்று நான் கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"மத்தவங்க ரோட்டைக் கண்ணால பாக்குறாங்கக்கா. நான் அதை உருட்டியிருக்கேன். எங்க ஜல்லி கெட்டி, எங்க தார் கூடப் போச்சு, எங்க மத்தியானத்துக்கு மேல வேர்க்கும், எல்லாம் என் காலுக்கே தெரியும்."

தார் அதிகமாக ஊற்றிய இடத்தில் வெயில் ஏறினால் அது மேலே கசிந்து பளபளவென்று நிற்கும். அதில் டயர் ஏறினால் வழுக்கிவிடும். அதைத்தான் ரோட்டு வேலைக்காரர்கள் வேர்ப்பது என்பார்கள். சரி, என்னவோ உளறுகிறான் என்று நான் விட்டுவிட்டேன். ஒரு பந்தயத்துக்குக்கூட நான் பார்க்கப் போகவில்லை. வேலை வெட்டி இல்லாதவர்கள் ரோட்டில் வட்டம் சுற்றுகிறார்கள், அதைப் பார்க்க ஒரு கூட்டம் என்பதுதான் என் எண்ணம்.

1963இல் அந்த வருடத்துப் பந்தயங்கள் பாதி முடிந்திருந்தன. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஹென்ஷா என்ற வெள்ளைக்காரருக்குப் பெரிய கார் கம்பெனி இருந்தது. அவருடைய பச்சைக் கார்கள் இரண்டும் லண்டனிலிருந்து கப்பலில் வந்தவை, பந்தயத்துக்கென்றே செய்தவை. மலாயா முழுக்க அவற்றை அடிக்க ஆள் இல்லை. இரண்டாவது காரை ஓட்டியவர் விமானப்படை அதிகாரி. திடீரென்று அவரை ஊருக்குத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த பந்தயத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. யார் யாரோ பெரிய வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்துக்குக் காத்திருந்தார்கள். துவான் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், மலாயில் துரை என்று அர்த்தம். ஹென்ஷா துவான் அந்தப் பிள்ளைகளையெல்லாம் விட்டுவிட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு ரோவல் ரோட்டுக்கு வந்து பட்டறை வாசலில் நின்றார். தாம்சன் ரோட்டில் அந்த ஓட்டை மோரிஸை வைத்துக்கொண்டு நாலாவதாக வந்தவனைத் தேடி வந்திருக்கிறார்.

செய்தியை எனக்குச் சொன்னவர் பாய்தான். மார்க்கெட்டுக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ரத்தினம்மா, உன் தம்பிக்குப் பச்சைக் காரைக் குடுத்துட்டாங்கம்மா. நம்ம ஆளுங்கள்ல யாருக்கும் இதுவரைக்கும் கெடைச்சதில்ல. யாருக்குமே."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ரேஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அம்மியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்துக் கடைக்காரிகளிடம் எல்லாம் என் தம்பி, என் தம்பி என்று சொன்னேன். அப்புறம்தான் கேட்டேன்.

"பந்தயம் எங்க பாய்?"

"ஜொகூர்ல. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு."

நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்று சொல்கிறேன். ஜொகூர் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கிறது. மருதப்பன் கையில் அப்போது காப்பு இருந்தது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்காகக் கட்டிய மஞ்சள் காப்பு. கட்டினால் கட்டினதுதான், பூக்குழி இறங்கி முடிகிற வரைக்கும் மரக்கறிச் சாப்பாடு, பாயில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது. அதோடு ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக்கூடாது. தாண்டினால் நேர்த்திக்கடன் கெட்டுப்போகும். கெட்டால் யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர்களுக்கு ஆகாது.

அவன் வேண்டிக்கொண்டது என் மகள் சரஸ்வதிக்காக. 1960இல் அவள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எனக்கு இரத்தம் நிற்கவில்லை. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், ஒரு கை நீளம்கூட இருக்கமாட்டாள். டாக்டர் என் வீட்டுக்காரரிடம் இரண்டு பேரில் ஒருவரையாவது காப்பாற்றப் பார்க்கிறோம் என்று சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு மருதப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய், இரண்டு பேரும் பிழைத்தால் மூன்று வருடம் தீ மிதிக்கிறேன் ஆத்தா என்று சொல்லிவிட்டு வந்தான். பிழைத்தோம். இரண்டு வருடம் மிதித்துவிட்டான். அது மூன்றாவது வருடம், கடைசி வருடம். பந்தயம் நடக்கிற ஞாயிறுக்கும் தீமிதிக்கும் நடுவே எட்டே நாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

"போறதா இருந்தா போ. ஆனா எம்மூஞ்சில முழிக்காத."

"அக்கா, கேளேன்."

"என்னத்தைக் கேக்குறது? உனக்குக் கார்தான்டா பெருசு. எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பச்சைக் காரா வந்து தூக்கிக் குடுக்கும்?"

அப்படித்தான் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. சரசு அப்போது அவன் மடியில் உட்கார்ந்து அவன் காப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வேலாயுதம் வெங்காய மண்டியில் லாரி ஓட்டுகிறவர், சண்டை என்றால் ஒதுங்கிப் போகிற ரகம். அவர்தான் மெதுவாக, கோயிலில் கேட்டுவிடலாமே என்றார்.

மறுநாள் மூன்று பேருமாகப் போனோம். தீ மிதிக்கிறவர்களைச் சேர்த்து நடத்துகிற சேதுபதி அண்ணன் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த எல்லோரும் ஆளுக்கு ஒரு நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மலேசியா உருவாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருத்தர், "இப்பத்தான் எல்லாம் ஒரே நாடு ஆயிருச்சே, ஜொகூரும் நம்ம எல்லைக்குள்ளதான்" என்றார். இன்னொருத்தர், "அப்படிப் பாத்தா பினாங்கு வரைக்கும் போயிட்டு வரலாமா, ஆத்தாளுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டினியா" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேதுபதி அண்ணன் எல்லோரையும் கையமர்த்திவிட்டுச் சொன்னார்.

"நாடு மாறும், கொடி மாறும், எல்லை மாறாது. நம்ம எல்லை தண்ணிதான். பகல்ல போயிட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள, பாலத்துக்கு இந்தப் பக்கம், உட்லண்ட்ஸ் மண்ணுல உன் கால் படணும். சூரியன் விழுந்தப்புறம் வந்தா காப்பைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிரு, குழியில எறங்காத."

மருதப்பன் தலையாட்டினான். பந்தயம் மூன்று மணிக்கு, ஐந்துக்கெல்லாம் முடிந்துவிடும், ஐந்தரைக்குப் பாலம் தாண்டிவிடலாம் என்று அவன் கணக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. நானும் வருவேன், நேரமானால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை பகலில் ஒத்திகை. அதற்கு நான் போகவில்லை, பாய் வந்து சொன்னதுதான். விடிந்ததும் மருதப்பன் அந்த ஜொகூர் ரோடு முழுக்க, இரண்டு மைலுக்கு மேல், வெறுங்காலோடு நடந்தானாம். அங்கங்கே நிற்பானாம், குதிகாலால் அழுத்திப் பார்ப்பானாம். கம்பெனி மெக்கானிக்குகள் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் ஹென்ஷா துவான் வெள்ளை ஷூ ஒன்றைக் கொண்டுவந்து நீட்ட, இவன் வேண்டாம் என்றிருக்கிறான். பெடல் கொதிக்கும், கால் வெந்துபோகும் என்று அவர் கத்தியிருக்கிறார். "வேகட்டும் துவான்" என்று மலாயில் சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஏறியிருக்கிறான். எட்டாவது சுற்றில் கம்பெனியின் முதல் டிரைவரைவிட இரண்டு செகண்டு குறைவு. அப்புறம் யாரும் ஷூவைப் பற்றிப் பேசவில்லை என்றார் பாய்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மண்டி லாரியைக் கேட்டு வாங்கிவந்தார். வெங்காய வாசத்தோடு நானும் சரசுவும் முன்னால், பட்டறைக்காரர்கள் எல்லாம் பின்னால். கடலோரத்தில் ரோடு வளைகிற இடத்துக்குப் பக்கத்தில் கயிற்றை ஒட்டி நின்றோம். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, கார்கள் வரிசையில் நிற்கின்றன, கிளம்பவில்லை. கொடி அசைக்க வரவேண்டிய பெரிய மனிதர் இன்னும் வரவில்லையாம். நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். கடைசியில் நாலு மணிக்கு மேல்தான் கொடி விழுந்தது.

அதற்கப்புறம் நான் திட்டவில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. காதில் கேட்கிற சத்தம் இல்லை, நெஞ்செலும்பில் இறங்குகிற சத்தம். சரசு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பச்சையும் சிவப்புமாக ஏதோ போனது, அவ்வளவுதான் தெரிந்தது. மூன்று நாலு சுற்றுக்குப் பிறகுதான் கண் பழகியது. ஏழாவதாக வந்துகொண்டிருந்த பச்சைக் காருக்குள் வெள்ளைத் தொப்பியும் மஞ்சள் காப்பும் தெரிந்தன. அது என் தம்பி. என்னிடம் அடி வாங்கிய பிள்ளை.

எங்களுக்கு எதிரே அந்த வளைவில், நடுரோட்டில் ஒரு கோரைப்பாய் அகலத்துக்குத் தார் கறுப்பாகப் பளபளத்தது. ஐந்து மணி வெயிலில் வேர்த்து நின்றது. வருகிற கார் எல்லாம் அதன்மேல் ஏறி ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு போனது. ஒன்று சுற்றிக்கொண்டு போய் வைக்கோல் கட்டில் மோதியது. மருதப்பன் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கறுப்புக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, காலை வைத்து அளந்த மாதிரி போனான். நாற்பது தடவை போனான். அம்மியில் குழவி ஒரே தடத்தில் போய்வருவதை நான் தினமும் பார்க்கிறவள். அதற்கே வருடக்கணக்காகக் கை பழக வேண்டும். இவன் அந்த வேகத்தில் அதைச் செய்தான். ஏழாவது ஆள் ஐந்தாவது ஆனான். அப்புறம் மூன்றாவது, அப்புறம் இரண்டாவது.

பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் நாக்கைச் சப்புக்கொட்டினார். "யார் இவன்?" என்று மலாயில் கேட்டார். ரோலர் ஓட்டுகிறவன், என் தம்பி என்றேன். அவர் நம்பவில்லை. நானும் அந்த நேரத்தில் முழுசாக நம்பவில்லை. இத்தனை வருடம் என் வீட்டில் சோறு தின்றவனுக்குள் இப்படி ஒருத்தன் இருந்திருக்கிறான், எனக்குத் தெரியவே இல்லையே. கைகூப்பினேன். யாரை நினைத்துக் கும்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

கடைசிக்கு இரண்டு சுற்று இருக்கும்போது எங்கள் வளைவிலேயே முதலாவதாகப் போன, ஹாங்காங்கிலிருந்து வந்திருந்த டிரைவர்காரன் அந்தக் கறுப்பில் ஏறி அரை நொடி தடுமாறினான். அந்த அரை நொடியில் பச்சைக் கார் உள்பக்கமாக நுழைந்து போய்விட்டது. கடைசிச் சுற்றும் முடிந்தபோது பாய் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அப்படித்தான் என் தம்பி ஜெயித்தான் என்று எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறாகப் போகிறது. மருதப்பன் காரைவிட்டு இறங்கி அதன்மேல் சாய்ந்து நின்றான். ஹென்ஷா துவான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாய் எனக்குத் தமிழில் சொன்னார். ஆறேகாலுக்கு மேடையில் கோப்பை கொடுப்பார்கள். அப்புறம் அங்கேயே கிளப்பில் விருந்து. லண்டனிலிருந்து டயர் கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு டிரைவரை எடுத்து அடுத்த வருடம் முழுக்க இங்கிலாந்தில் ஓட்ட வைக்கப் போகிறார்கள். மருதப்பனைப் பார்த்த பிறகு வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். விருந்தில் கையெழுத்துப் போட வேண்டும், விடிந்தால் அவர்களுக்கு விமானம்.

இங்கிலாந்து. ஆமை வண்டிக்காரனுக்கு இங்கிலாந்து. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வந்தவள் நான். அவன் பக்கத்தில் போய் அவன் கையைத்தான் பிடித்தேன்.

"மருது, நீ இரு. இருந்து வாங்கிட்டு வா. நான் ஆத்தாகிட்ட சொல்லிக்கிறேன். வேணும்னா நான் பத்து வருசம் அலகு குத்திக்கிறேன். நீ இருடா."

அவன் என்னைப் பார்க்காமல் மேற்கே பார்த்தான். சூரியன் கடலுக்கு மேலே இரண்டு விரல்கடை உயரத்தில் நின்றது.

"நீ சொல்லலாம்கா. வாக்குக் குடுத்தது நான்ல."

"உனக்கு இது மறுபடியும் வராதுடா."

"தெரியும்." அவன் குரல் கம்மியிருந்தது. "ஆசையா இருக்குக்கா. ரொம்ப ஆசையா இருக்கு. அதான் இங்க நிக்கக்கூடாது."

ஹென்ஷா துவானிடம் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னான். அவர் திகைத்து நிற்கும்போதே கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான். நாங்கள் லாரிக்கு ஓடினோம். அது எங்கே நகர்கிறது? பந்தயம் பார்க்க வந்த அத்தனை காரும் பஸ்ஸும் ஒரே நேரத்தில் பாலத்துக்குள் ஏறப் பார்க்கின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. கால்வாசிப் பாலம்கூடப் போகவில்லை, வண்டி அசையாமல் நின்றுவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், எங்கள் லாரியை ஒட்டி, கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் எண்ணெயாக, வெறுங்காலோடு என் தம்பி ஓடிக்கொண்டிருக்கிறான். காலை முழுசாக ஊன்றவில்லை. விரல்நுனியில் ஓடினான்.

கார்களுக்குள் இருந்தவர்களுக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. சன்னலிலிருந்து தலைகள் நீண்டன. இவன்தானே ஜெயித்தான், இங்கே என்ன செய்கிறான் என்று கேட்டார்கள். சிலர் கை தட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். கதைகள் எல்லாம் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

நான் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. சரசுவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "ரத்தினம், எங்க போற" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். யாருக்காக ஓடுகிறானோ அந்தப் பிள்ளை என் இடுப்பில் இருக்கிறது, நான் லாரியில் உட்கார்ந்திருப்பதா? ஓடினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். என் உடம்புக்கு நான் ஓடியது அதுதான் கடைசித் தடவை. சரசு "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். நின்றான். நிற்காதேடா என்று நான் கத்துவதற்குள் திரும்பி வந்து அவளை என்னிடமிருந்து வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஓடினான்.

பாலத்தின் பாதியில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் தண்ணீர் மேலே வந்தது. அவன் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது கூட்டம் கை தட்டியது கேட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவன் காதிலும் அது விழுந்திருக்கும். கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. சரசு மட்டும், "மாமா, உங்களைக் கூப்பிடுறாங்க" என்று அவன் தலையைத் தட்டித் தட்டிச் சொன்னாள்.

சுங்கச் சாவடியில் நின்றவர்கள் அவனைப் பார்த்ததும் ஒதுங்கிவிட்டார்கள். உட்லண்ட்ஸ் பக்கம் ரோட்டோரப் புல்லில் போய் உட்கார்ந்தான். நான் வந்து சேர்ந்தபோது சூரியன் பாதிதான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. நான் பார்த்தேன். கோயிலிலும் அதைச் சாட்சியாகச் சொன்னேன். அவன் வலது பாதத்தைப் பார்த்தேன். பெடல் பட்ட இடமெல்லாம் கொப்பளித்து, ஓடியதில் உடைந்து, தோல் தனியாகத் தொங்கியது. எட்டாம் நாள் அந்தக் காலோடு பூக்குழியில் இறங்கினான். மற்றவர்கள் விறுவிறுவென்று கடந்தார்கள். இவன் நிதானமாக நடந்து போனான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இங்கிலாந்துக்கு, இரண்டாவதாக வந்த அந்த ஹாங்காங்காரன் போனான். டயர் கம்பெனிக்காரர்கள் அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மாதம் இரண்டாவது பச்சைக் காரிலும் வேறு ஆள் உட்கார்ந்தான். மருதப்பன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜூரோங்கில் புதிதாக ரோடு போட ஆரம்பித்திருந்தார்கள், விடியற்காலையில் பி.டபிள்யூ.டி. லாரியில் ஏறி அங்கே போய் ரோலரை உருட்டினான். அவன் பேசாமல் இருக்கலாம். நான் அவனுடைய அக்கா, என்னால் முடியுமா?

ஒரு செவ்வாய்க்கிழமை மார்க்கெட் கலைந்ததும் மசாலா அரைத்த மஞ்சள் கையோடு, சரசுவையும் இழுத்துக்கொண்டு, பஸ் ஏறி ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஹென்ஷா துவான் யார் என்று கேட்டேன். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது மார்க்கெட் மலாய்தான். அதில் திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் உண்டு, எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். அவர் எழுந்து வந்தார். நான் யாரென்று சொன்னதும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"என் தம்பியை ஏன் எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டீர்கள்?"

அவர் கோபப்படவில்லை. அந்தக் காருக்குச் செலவு செய்தது டயர் கம்பெனிதான் என்றார். கூட்டத்தின் முன்னால் காத்துக்கிடந்ததை அவர்கள் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு அவரே என்னைக் கேட்டார்.

"இருபது வருடமாக டிரைவர்களைப் பார்க்கிறேன். அவனைப்போல ஒருவனை நான் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் எனக்குப் புரியவேயில்லை அம்மா. அந்த ராத்திரி அவன் கைக்கு எல்லாம் வந்தது. அதைவிட அவசரமாக அவனுக்கு அக்கரையில் என்ன இருந்தது?"

நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். காப்பு, எல்லை, பூக்குழி, இதற்கெல்லாம் மலாயில் எனக்கு வார்த்தை தெரியாது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்து நின்ற சரசுவைத் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இது" என்றேன்.

அவர் அவளைப் பார்த்தார். மூன்று வயதுப் பிள்ளை, மூக்கு ஒழுகுகிறது, ஒரு காதில் தோடு இல்லை. அந்தப் பெரிய மனிதர் மெதுவாகத் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு வந்து, வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன திட்டு அத்தனையும் எனக்கு மறந்து போயிற்று.